முதல் பூரான்: பெரிய இனமா, சின்ன இனமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

#1 கரிசல்மண் (லெஸ்டர்)

வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே வந்து படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.

பூரான் வளர்க்கணும். சிரிக்காதீங்க. வளர்த்தா பெரிசா வளர்க்கணும், ஒரு சாணுக்குக் குறையக்கூடாது.

சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். விறகு அடுக்குக்குக் கீழே இருந்து வர்ற செய்யானைச் செருப்பால அடிச்சே வளர்ந்தவன் நான். ரெண்டு துண்டா ஆன பிறகும் ரெண்டும் தனித்தனியா நெளியும், பாத்துக்கிட்டே இருப்போம். போன மாசம் இங்கே ஒரு பூச்சிக் கண்காட்சிக்குப் போனேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி, பட்டுச்சேலைக் கரை மாதிரி ஒண்ணு சுருண்டு கிடந்தது. மேல சீட்டு: "இந்தியப் புலிப்பூரான்". எங்க ஊர் ஜீவன் ஏழு கடல் தாண்டி வந்து, நான் அடிச்சதையெல்லாம் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

இப்ப மனசுல மூணு இருக்கு. இந்தப் புலிப்பூரான், அதாவது ஸ்கோலோபென்ட்ரா ஹார்ட்விக்கி. இல்லன்னா வியட்நாம் பூரான்னு விக்கிற டெஹானி. இல்லன்னா எல்லாத்துக்கும் பெரியண்ணன் ஜைகாண்டியா. எதை எடுக்கலாம்?

வாடகை வீடு. மனைவி, நாலு வயசுப் பையன். மனைவிகிட்ட இன்னும் பேச்செடுக்கல.

#2 வேப்பமரத்தடி

மனைவிகிட்ட சொல்லலையா? அப்ப இது பூரானைப் பத்தின கேள்வியே இல்லை தம்பி.

#3 பனங்கூடல் (டொராண்டோ)

தலைப்பிலை பூரான் எண்டு கிடந்தவுடனை நான் பனம்பூரான் எண்டு நினைச்சு ஓடி வந்தனான். பனங்கொட்டை முளைச்சாப் பிறகு வெட்டினா உள்ளுக்கை பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்குமே, அது. எங்கட பக்கம் நீங்கள் சொல்லுற சாமானுக்கு மட்டத்தேள் எண்டு பேர். அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்கை வைக்கிறதோ? நல்லாய் வருவியள்.

#4 இருபத்தோருஜோடி (ஸ்டுட்கார்ட்)

ஒன்பது வருஷமா வளர்க்கிறேன். இப்போ வீட்டில் ஆறு இருக்கு. அந்த அனுபவத்தில் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நீங்க கேட்ட வரிசையைத் தலைகீழாக்கி, பெரியண்ணனில் இருந்து வர்றேன். ஜைகாண்டியா 30 செ.மீ. வரை போகும். கடைச்சீட்டில் "பெரு நாட்டு ராட்சசன்" என்று எழுதியிருப்பாங்க. ஆனால் அதோட உறுதியான ஊர் வெனிசுவேலா, கொலம்பியா, டிரினிடாட், சுற்றியுள்ள கரீபியன் தீவுகள். வெனிசுவேலாவில் ஒரு குகையில் இது கூரையில் தொங்கிக்கொண்டே வௌவாலைப் பிடித்துத் தின்றதை ஆய்வாளர்கள் பார்த்து 2005இல் எழுதியிருக்காங்க. அந்தக் கட்டுரையைப் படிச்சிட்டுத்தான் பாதிப் பேர் இதை வாங்க ஆசைப்படுறாங்க. அதே 2005இல்தான் லண்டனில் ஒரு வீட்டில் டி.வி.க்குப் பின்னால் ஏதோ சரசரக்க, வீட்டுக்காரர் டப்பாவில் பிடிச்சு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே ஜைகாண்டியா என்றாங்க. 9 அங்குலம். எப்படி வந்ததுன்னு உறுதியாத் தெரியலை, யாரோ வளர்த்தது தப்பி வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த ரெண்டு கதையில் முதல் கதையை மட்டும் படிச்சிட்டு வாங்கினா, ரெண்டாவது கதை உங்க வீட்டில் நடக்கும்.

டெஹானி வேற மாதிரி. 20, 25 செ.மீ. வரும், விலை மலிவு, எந்தக் கண்காட்சியிலும் கிடைக்கும். அதனாலேயே முதல் பூரானா நிறையப் பேர் கைக்கு அதுதான் வருது. நான் பார்த்த இனங்களில் இவ்வளவு வேகமும் இவ்வளவு கோபமும் ஒண்ணாச் சேர்ந்தது இதுதான். முன்னாடி சப்ஸ்பினிப்பஸ் இனத்தோட ஒரு வகைன்னு வெச்சிருந்தாங்க, 2012இல் தனி இனமாப் பிரிச்சாச்சு. பேர் மாறினதால் குணம் மாறலை.

புலிப்பூரான் பற்றி அப்புறம் தனியா எழுதறேன். அதில் வேற ஒரு சிக்கல் இருக்கு.

நாலு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு என்னைக் கேட்டால் சிங்குலாட்டா. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துருக்கி என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி இருக்கிற பூரான். 10 முதல் 15 செ.மீ. உங்க சாண் கணக்குக்கு வராது, தெரியும். ஆனால் இதுக்கும் முதுகில் கறுப்பு மஞ்சள் பட்டை பட்டையா இருக்கும். ஐரோப்பாவிலேயே வீட்டில் பிறந்த குட்டி கிடைக்கும். பாலைநிலத்து அமெரிக்கப் பூரான் பாலிமார்ஃபாவும் நல்ல தேர்வுதான், கொஞ்சம் காய்ஞ்சாலும் தாங்கும்.

#5 கரிசல்மண்

அண்ணே நன்றி. ஆனா நான் புதுசு இல்லை. மெக்சிகோ சிவப்புக்கால் டரண்டுலா, அந்தப் பெரிய மயிர்ச்சிலந்தி, மூணு வருஷமா என்கிட்ட இருக்கு. தப்பிச்சதும் இல்லை, கடிச்சதும் இல்லை. 10 செ.மீ. பூரானுக்கு நான் ஊர்லயே இருந்திருக்கலாமே!

#6 இருபத்தோருஜோடி

டரண்டுலா வளர்த்தது உங்களுக்கு உதவாது. சொல்லப்போனால் கெடுதல். அது உங்களுக்கு நிதானத்தைப் பழக்கியிருக்கு. மூடியைத் திறந்து, தண்ணி ஊத்தி, ஒரு போட்டோ எடுத்து, மெதுவா மூடறீங்க. அது அங்கேயே உக்காந்திருக்கும்.

பூரானோட பெட்டியைத் திறந்த நொடியில் உங்களுக்கு அது எங்கே இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். முன்பக்கமும் தெரியணும், பின்பக்கமும் தெரியணும். கடைசி ஜோடிக் கால் நடக்கிறதுக்கு இல்லை, பிடிக்கிறதுக்கும் மிரட்டறதுக்கும். புதுசா வர்றவங்க அதைத்தான் தலைன்னு நினைச்சு, எதிர்ப்பக்கம் இடுக்கியைக் கொண்டு போவாங்க. இடுக்கி மேலயே ஏறி வரும். 30 செ.மீ. இடுக்கியோட ஒரு நுனியிலிருந்து உங்க விரலுக்கு வர்றதுக்கு அதுக்கு ஆகிற நேரம், நீங்க "ஐயோ" சொல்லி முடிக்கிற நேரம். முடிக்க மாட்டீங்க.

இன்னொண்ணு, கண்ணாடியில் ஏறாதுன்னு யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. வழவழப்பான நடுக்கண்ணாடியில் சறுக்கும். ஆனால் மூலையில் ரெண்டு கண்ணாடியை ஒட்டின சிலிக்கான் பசை இருக்கு பாருங்க, அது அவருக்கு ஏணி. ஒரு ராத்திரி முழுக்க என்னோட ஹீரோஸ் (அமெரிக்கப் பெரிய பூரான் இனம்) அந்த நாலு மூலையையும் மாத்தி மாத்தி ஏறிப் பார்த்துக்கிட்டு இருந்தது. மூடியோட விளிம்பை உணர்கொம்பால் தடவும், இறங்கும், அடுத்த மூலைக்குப் போகும். நம்ம ஊரில் பூட்டை இழுத்துப் பார்த்துக்கிட்டே போற கூர்க்கா மாதிரி.

ஆனால் ஒண்ணு சொல்றேன். அது தன்னைச் சுத்தம் பண்ணிக்கிறதை ஒரு தடவை பார்த்தீங்கன்னா டரண்டுலாவை மறந்திடுவீங்க. ஒவ்வொரு காலையும் வரிசையா வாய்க்குக் கொண்டு வந்து இழுக்கும். ஊசியில் நூல் கோக்கறதுக்கு முன்னாடி நுனியை உதட்டில் வெச்சு இழுப்போமே, அப்படி. உடம்பு சக்கரமா வளைஞ்சு, 21 ஜோடியும் முடிஞ்சு, கடைசியில் உணர்கொம்பு. அரை மணி நேரம் நான் சோறு ஆறவிட்டு உக்காந்து பார்த்திருக்கேன்.

#7 ஒட்டுப்பால் (ஈப்போ)

டெஹானின்னு சொல்றீங்களே, அது எங்க ஊர் லிப்பான் தான். ரப்பர் எஸ்டேட்டு லயத்துல பொறந்தவன் நானு. அப்பா பால்மரம் வெட்டப் போகையில காலு சட்டை நுனியக் கயித்தால கட்டிக்கிட்டுத்தான் போவாரு.

எனக்கு பத்து வயசுல கடிச்சுச்சு. மழை விட்ட மறுநாளு, மரத்துல பால் பிடிக்கிற மங்கு, அந்தக் கிண்ணத்தை எடுக்கக் குனிஞ்சேன், மங்குக்குப் பின்னால இருந்திருக்கு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. கடிச்ச எடத்துல ரெண்டு பொத்தல், அரை அங்குல எடைவெளி. அத பாத்துக்கிட்டு இருக்கையிலயே கை முழங்கை வரைக்கும் தீயில விட்ட மாதிரி ஆயிருச்சு. ராவு பூரா தூக்கமில்ல. வீக்கம் வடிய மூணு நாளாச்சு. அக்குள்ள நெறி கட்டிக்கிச்சு. இத்தனைக்கும் அது ஒரு சாணு இருந்தா அதிகம்.

இப்ப இங்க பையனுங்க டப்பாவுல போட்டு வளர்க்கிறானுங்க. கையில ஏத்தி வீடியோ எடுக்கிறானுங்க. அவனுங்கள பாத்து ஆசப்படாதீங்க தம்பி.

#8 இரவுப்பணி

நான் செவிலியர். தமிழ்நாட்டில் அவசரப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். மழைக்காலத்தில் பூரான் கடி தினமும் வரும். கடி பற்றி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அது பல்லால் கடிப்பது இல்லை. தலைக்கு அடியில் இருக்கும் முதல் ஜோடிக் காலே நச்சுக் கொடுக்காக மாறியிருக்கிறது. அதனால்தான் ரெண்டு பொத்தல்.

வலி ஏன் தீ மாதிரி இருக்கிறது என்பதற்கு உண்மையிலேயே விளக்கம் இருக்கிறது. சீனத்துச் செந்தலைப் பூரானின் நஞ்சில் உள்ள ஒரு சிறு புரதம், நம் நரம்பில் மிளகாய்க் காரம் போய் உட்காரும் அதே வாயிலைத் திறக்கிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். சூட்டை உணரும் வாயிலும் அதுதான். ஆகவே "மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி இருக்குக்கா" என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் மிகைப்படுத்தவில்லை. அதே இனத்தை வைத்து 2018இல் வந்த இன்னொரு ஆய்வில், 3 கிராம் எடையுள்ள பூரான் 45 கிராம் எலியை அரை நிமிடத்தில் சாய்த்தது. அதில் வேலை செய்தது வேறொரு நஞ்சு, இதயம், மூச்சு எல்லாவற்றையும் பிடிப்பது.

மனிதருக்கு அந்த அளவு ஆவது மிக அரிது. பெரும்பாலும் வலி, வீக்கம், சிவப்பு, சில சமயம் நெறி கட்டுதல், காய்ச்சல். ஆனால் குழந்தை என்றால் என் கணக்கே வேறு. பிலிப்பைன்ஸில் தலையில் கடிபட்ட ஏழு வயதுக் குழந்தை இறந்த நிகழ்வை மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்துச் சொல்கின்றன. நீங்கள் பட்டியலில் வைத்திருக்கும் டெஹானியின் நெருங்கிய உறவுதான் அது. உங்கள் பையனுக்கு நாலு வயது.

கடித்தால்: சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள், 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, கொப்பளம் போட்டுக்கொண்டு வருவார்கள்; மற்றக் கையால் தொட்டுப் பாருங்கள். சிலருக்கு ஐஸ் கேட்கும், அதுவும் சரிதான். வலி மாத்திரை, டெட்டனஸ் ஊசி. கிழிப்பது, இறுக்கிக் கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கடிபட்டது குழந்தை என்றாலோ யோசிக்காமல் மருத்துவமனை. பாம்புக்கு இருப்பது போல இதற்கு முறிவு மருந்து கிடையாது.

#9 வேப்பமரத்தடி

எங்க ஆச்சி கடிச்ச உடனே கருப்பட்டியைக் கொடுப்பா. குப்பைமேனி இலையோட உப்பும் மஞ்சளும் வெச்சுக் கசக்கித் தேய்ப்பா. எங்களுக்கு எல்லாம் அதுலயே சரியாப் போச்சு.

காதுக்குள்ள போயிட்டா உப்புத்தண்ணி.

#10 இரவுப்பணி

ஐயா, சிறு பூரான் கடி எதுவுமே செய்யாவிட்டாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். கருப்பட்டிக்கு அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது. கருப்பட்டி கொடுங்கள், குழந்தை அழுகையை நிறுத்தும். கூடவே தூக்கிக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துக்கொண்டு வருவதையும் ஊரில் பூரான் கடி என்பார்கள், காணாக்கடி என்பார்கள். அதில் பத்தில் ஒன்றில்கூடப் பூரானைப் பார்த்தவர் இருக்க மாட்டார். அது ஒவ்வாமை. பாவம், செய்யாத குற்றத்துக்கும் பூரான்தான் அடி வாங்குகிறது.

#11 மேற்குமலைச்சாரல்

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

#12 நடுவர்

"எங்க தோப்புல நிறையக் கிடக்கு, ஒண்ணு என்ன விலைக்குப் போகும், பார்சல்ல அனுப்பலாமா" என்ற பதிவை எடுத்துவிட்டேன். காட்டில், தோப்பில் பிடித்ததை நாடு கடத்தி விற்கும் பேச்சு இந்தக் களத்தில் கூடாது. மறுமுறை எச்சரிக்கை கிடையாது.

#13 இருபத்தோருஜோடி

நீக்கினது நல்லது. ஆனால் அந்தக் கேள்வி தானாத்தான் வந்தது, நான் தள்ளிப்போட்ட புலிப்பூரான் விஷயமே அதுதான்.

ஹார்ட்விக்கி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற இனம். 1844இல் பேர் வெச்சாங்க. லெஸ்டர் கண்காட்சியில் டப்பாவுக்குள்ள கிடந்ததே, அது எப்படி வந்திருக்கும்னு யோசிச்சுப் பார்த்தீங்களா? பூரான்கள் மெதுவா வளர்றவை. பெரிய இனங்கள் முழு வளர்த்தி ஆக ரெண்டு மூணு வருஷம், பத்து வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும். ஒரு கண்காட்சியில் ஒரே ஆள்கிட்ட ஒரே அளவில் பத்துப் பெரிய பூரான் இருந்தால் அவர் அதை வளர்த்து ஆளாக்கியிருக்க வாய்ப்புக் குறைவு. யாரோ ஒரு ராத்திரியில் கல்லைப் புரட்டிப் பொறுக்கினது. இலங்கையிலிருந்தா, இந்தியாவிலிருந்தா, எந்தத் தாளும் இல்லாமல், சாக்ஸுக்குள்ளயோ மருந்து டப்பாவுக்குள்ளயோ.

"எங்க ஊர் ஜீவன்" என்று எழுதியிருந்தீங்க. எனக்கும் அதே பைத்தியம் இருந்தது. நாலு வருஷம் முன்னாடி ஒரு விற்பனையாளரிடம் ஹார்ட்விக்கி வாங்கினேன். வீட்டில் பிறந்தது என்றார். வந்து சேர்ந்தபோது கால் மூட்டெல்லாம் வெள்ளைப் பொட்டாப் பேன். ரெண்டு கால் கறுத்துப் போயிருந்தது. பூரானுக்குக் கால் போனால் அடுத்த தோலுரிப்பில் திரும்ப வரும், அதனால் பரவாயில்லைன்னு நினைச்சேன். மூணு வாரம். சாப்பிடவே இல்லை. பிறகு ஒருநாள் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள நீளமாக் கிடந்தது. உயிரோட பூரான் நேராக் கிடக்காது. அந்தப் பட்டைக் கலர் மட்டும் அப்படியே இருந்தது.

இப்போதெல்லாம் விற்கிறவரிடம் நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: தாயோட படத்தைக் காட்டுங்க, முட்டை மேல சுருண்டு கிடக்கிற படம். குட்டி எடுத்தவன் அந்தப் படம் எடுக்காமல் இருக்கவே மாட்டான். முட்டைகளைக் காலால் அணைச்சு, பூஞ்சை பிடிக்காமல் நக்கிக்கிட்டே, சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் சுத்திக்கிட்டு இருக்கும். அதைத் தொந்தரவு பண்ணினால் முட்டையைத் தானே தின்றுவிடும், அதனால் படம் எப்பவும் தூரத்திலிருந்து, மங்கலா, சிவப்பு வெளிச்சத்தில் இருக்கும். தெளிவான அழகான படம் காட்டினால் இணையத்தில் எடுத்ததுன்னு வெச்சுக்கலாம்.

#14 பனங்கூடல்

முட்டையை அணைச்சுக் கொண்டு கிடக்குமோ? மட்டத்தேளோ? உதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்கள் கண்டவுடனை தும்புத்தடியாலை அடிச்சுப் போட்டுத்தான் மிச்சக் கதை.

#15 கரிசல்மண்

#13 படிச்சதுல இருந்து புலிப்பூரான் ஆசை ஓஞ்சிருச்சு. ஓஞ்சிருச்சுன்னு சொல்றதை விட, இப்ப கேக்க வெக்கமா இருக்கு.

மனைவிகிட்டயும் சொல்லிட்டேன். நினைச்ச மாதிரி சத்தம் வரல. அவ திருநெல்வேலி. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா, பிறகு மூணு கேள்வி கேட்டா. "பூட்டு இருக்கா? அந்த ரூமுக்கு இவன் தனியாப் போவானா? நீ ஊருக்குப் போனா அதுக்குச் சோறு யாரு போடுறது?" மூணாவது கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியல.

இங்கிலாந்துல 1976 அபாயகர விலங்குச் சட்டப் பட்டியலைப் பாத்தேன். சில தேள், சில சிலந்தி இருக்கு. பூரான் இல்லை. அதனால லைசென்ஸ் வேண்டாம். வீட்டுக்காரர்கிட்ட எழுதிக் கேட்டிருக்கேன்.

சிங்குலாட்டாவுக்குப் பெட்டி எப்படி வேணும்னு சொல்லுங்க.

#16 இருபத்தோருஜோடி

மூணாவது கேள்விக்குப் பதில் சுலபம். வளர்ந்த பூரானுக்கு வாரம் ஒரு தடவை, பத்து நாளுக்கு ஒரு தடவை தீனி போதும். ஒரு வெட்டுக்கிளி, ஒரு டூபியா கரப்பான். ரெண்டு வாரம் ஊருக்குப் போனால் தண்ணி நிறைய வெச்சிட்டுப் போங்க. பட்டினியில் சாகாது. தாகத்தில் செத்துடும். அதோட மேல்தோலில் ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற மெழுகு கிடையாது, மூச்சுத் துளையை மூடிக்கவும் முடியாது. ஊரில் ஏன் குளியலறையிலும் தண்ணிப் பானைக்கு அடியிலும் பார்த்தீங்கன்னு இப்போ புரியுதா?

பெட்டி: பூரான் நீட்டினால் எவ்வளவு வருமோ, மண்ணுக்கு மேல அதை விட ஒன்றரை மடங்கு உயரம் சும்மா இருக்கணும். மண் பத்து செ.மீ. ஆழம், கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) தோட்ட மண்ணும் கலந்து. அடியில் ஈரம், மேலே காய்ஞ்சு. முழுக்கச் சதசதன்னு வெச்சால் காலில் கறுப்புப் புள்ளி விழும், பூஞ்சை. ஒரு தட்டையான மரப்பட்டை, ஒரு கனமான தண்ணிக் கிண்ணம். அலங்காரம் எதுவும் வேண்டாம்.

காற்றுத் துளைதான் உயிர். தலை நுழைஞ்சால் உடம்பு முழுக்க நுழையும், தட்டையான உடம்பு. துளையில் கொசுவலை மாதிரி பிளாஸ்டிக் வலை ஒட்டாதீங்க, கடிச்சுக் கிழிக்கிறதை நானே பார்த்திருக்கேன். உலோக வலை. மூடிக்கு நாலு பக்கமும் கிளிப், அதுக்கு மேல ஒரு சின்னப் பூட்டு, சாவி பையன் கைக்கு எட்டாத இடத்தில். சூட்டுப் பாய் வைக்கிறதானால் பக்கவாட்டில் வைங்க, அடியில் வேண்டாம். அது சூடு தாங்காமல் கீழே தோண்டிப் போகும், அடியில் பாய் இருந்தால் சூட்டுக்குள்ளயே போய் விழும்.

இப்போ முக்கியமானது. பெட்டியை முதல்ல வாங்கி, மண் போட்டு, தண்ணி வெச்சு, பூரான் இல்லாமல் ஒரு மாசம் நடத்துங்க. கதவை மூடறது, பூட்டறது, வாரா வாரம் இடுக்கியால் ஒரு கடலையை எடுத்து வெளியே போடறது, எல்லாம் உள்ளே இருக்கிற மாதிரியே. ஒரு நாளாவது பூட்ட மறந்திருந்தால் பூரான் வாங்காதீங்க.

#17 ஒட்டுப்பால்

காலி டப்பாவுக்குப் பூட்டு. கேக்க வேடிக்கையா இருந்தாலும் எங்கப்பா இருந்தா இவர கும்பிட்டிருப்பாரு.

#18 கரிசல்மண்

ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன்.

காலிப் பெட்டி நடத்தினேன். முதல் மாசத்துல ரெண்டு தடவை பூட்ட மறந்தேன். ரெண்டு தடவையும் கண்டுபிடிச்சது மனைவி. எதுவும் சொல்லல, சாவியைக் கொண்டு வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டா. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

போன சனிக்கிழமை சிங்குலாட்டா வந்திருச்சு. 6 செ.மீ. குட்டி. விக்கிறவர் தாய் படம் காட்டினார்: மங்கல், சிவப்பு, பாதி மரப்பட்டை மறைக்குது. அதைப் பாத்ததும் பணத்தைக் கொடுத்துட்டேன்.

டப்பாவோட பெட்டிக்குள்ள இறக்கி, இடுக்கியால மூடியை எடுத்தேன். அஞ்சு நிமிஷம் அசையல. அப்புறம் உணர்கொம்பு மட்டும் வெளிய வந்து, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு காத்தைத் தடவுச்சு. பிறகு எப்பப் போச்சுன்னே தெரியல. பட்டைக்குக் கீழ ஒரு வால் நுனி, அவ்வளவுதான். பையன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "அப்பா, அது ஏன் ஓடிப் போச்சு, நம்மளைப் பாத்து பயமா"ன்னு கேட்டான்.

#19 கரிசல்மண்

அவசரம். பதினோரு நாளாச் சாப்பிடல. கலர் மங்கி, மண்ணுக்கடியில ஒரு அறை தோண்டி வாசலை அடைச்சிருச்சு. கண்ணாடி ஓரமாத்தான் அறை, உள்ள தெரியுது. போட்ட வெட்டுக்கிளி மேல சுத்திக்கிட்டு இருக்கு. தோண்டிப் பாக்கவா?

#20 இருபத்தோருஜோடி

தோண்டாதீங்க! சட்டை உரிக்கப் போகுது. வெட்டுக்கிளியை இப்பவே வெளியே எடுங்க, இந்த நேரத்தில் பூரான் சட்டை உரிச்ச பச்சை உடம்போட கிடக்கும், வெட்டுக்கிளி அதைக் கடிச்சுத் தின்னும். தண்ணி மட்டும் வைங்க. அறையைக் கறுப்புத் துணியால் மூடிடுங்க.

#21 வேப்பமரத்தடி

என்னாச்சு தம்பி? நாலு நாளாத் தினமும் வந்து பாத்துட்டுப் போறேன்.

#22 கரிசல்மண்

முந்தாநேத்து ராத்திரி உரிச்சிருக்கு. காலையில துணியை விலக்கினா, அறைக்குள்ள ரெண்டு பூரான் கிடக்கிற மாதிரி இருந்துச்சு. ஒண்ணு வெளுத்துப் போய், கால் நுனி எல்லாம் கண்ணாடி மாதிரி. இன்னொண்ணு சட்டை, தலைப்பக்கம் திறந்து, உருட்டிக் கழட்டின காலுறை மாதிரி சுருங்கி. சாயங்காலத்துக்குள்ள சட்டையில பாதியைத் தின்னுருச்சு.

மீதிப் பாதியை இன்னைக்கு இடுக்கியால எடுத்து வெள்ளைத்தாள் மேல வெச்சோம். பையன் எண்ணினான். பதினொரு ஜோடி. "மீதி எங்கப்பா?"ன்னான். "அது வயித்துல"ன்னேன். அவங்க அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு, "பெட்டியைப் பூட்டினீங்களா?"ன்னா.

பூட்டியிருந்தேன்.

#23 பனங்கூடல்

சந்தோஷம். எல்லாம் சரி, பனம்பூரான் இங்கை டொராண்டோவிலை எங்கையாவது கிடைக்குமோ எண்டு ஆராவது தெரிஞ்சால் சொல்லுங்கோ.